மலைநாட்டு உண்ணியும் நூற்றெண்பது ஓடுகளும்

கர்நாடகத்தின் மலைநாட்டிலுள்ள சாகர் பக்கத்துக்காரர் ஒருவர் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறார். டிசம்பர் பிறந்துவிட்டால் ஊருக்குப் போன் போடும்போது பாக்கு விலை, உறவுக்காரர் கல்யாணம் எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் விசாரிப்பது, "குரங்கு ஏதாச்சும் செத்துக் கிடந்துச்சா?" என்றுதான். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். "எங்க ஊர்ல குரங்கு செத்தா அடுத்தது மனுஷன், மேடம்" என்பார்.

கன்னடத்தில் ‘மங்கன காயிலெ’. தமிழ்ப் பத்திரிகைகளில் குரங்குக் காய்ச்சல். மருத்துவப் புத்தகத்தில் கியாசனூர் வன நோய். 1957 மார்ச்சில், அன்றைய மைசூர் மாநிலத்தின் சிவமொக்கா மாவட்டம் சொரபா தாலுகாவில், கியாசனூர் காட்டில் கருமுக லங்கூர்களும் செம்முகக் குரங்குகளும் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. அக்கம்பக்கத்து ஊர்களில் ஆட்கள் கடும் காய்ச்சலில் படுத்தார்கள். செய்தி கேட்டதும் புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் முதலில் எழுந்த பயம் மஞ்சள் காய்ச்சலைப் பற்றியது. ஆசியாவுக்குள் பரவாத நோய் அது. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு நம் நாட்டில் தாராளமாக இருக்கிறது. உள்ளே வந்துவிட்டால் கதை கந்தல். மையத்தின் இயக்குநர் டெல்ஃபர்ட் வொர்க்கும் ஹரால்ட் டிரப்பிடோவும் தங்கள் குழுவோடு காட்டில் இறங்கித் தேடினார்கள். பிரித்தெடுத்த வைரஸ் மஞ்சள் காய்ச்சல் வைரஸ் இல்லை. ரஷ்யக் காடுகளில் உண்ணி கடித்து மூளைக்காய்ச்சல் வரவைக்கும் வைரஸுக்குப் பங்காளி!

ரஷ்யாவில் இருப்பது சொரபாவுக்கு எப்படி வந்தது? வலசைப் பறவைகள் மேல் சந்தேகம் விழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவையியலாளர் சாலிம் அலி பறவைகளின் காலில் வளையம் மாட்டும் திட்டத்தைத் தொடங்கியதற்கு இந்தச் சந்தேகமும் ஒரு காரணம். பறவைகள் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. பறவைகளைப் பற்றி நாம் நிறையத் தெரிந்துகொண்டதுதான் லாபம்.

நோயைப் பரப்புவது ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற உண்ணி. மழை ஓய்ந்து சருகு காயும் காலத்தில், நவம்பர் டிசம்பரிலிருந்து மே மாதம் வரை, இதன் இளம் பருவத்து உண்ணிகள் காட்டுத் தரையில் நிறைந்திருக்கும். கண்ணுக்குச் சட்டென்று படாத அளவு. எலி, மூஞ்சூறு, குரங்கு, மாடு என எதன் மேலும் ஏறும். விறகுக்கும் சருகுக்கும் போகிறவர்கள், பாக்குத் தோட்டத்து ஆட்கள், மாடு மேய்ப்பவர்கள் ஆகியோரின் காலிலும் ஏறும். கடித்து மூன்று முதல் எட்டு நாளில் திடீர்க் காய்ச்சல், நெற்றியைப் பிளக்கும் தலைவலி, படுக்கையில் புரள முடியாத உடல்வலி. சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தக் கசிவு. சரியாகிவிட்டது என்று எழுந்து நடமாடும்போது இரண்டாம் முறை காய்ச்சல் வந்து மூளையைத் தொடுவதும் உண்டு. நூறு நோயாளிகளில் மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இதற்கென்று தனி மருந்து கிடையாது. 1983இல் தென்கன்னட மாவட்டத்தின் பெள்தங்கடி பக்கம் முந்திரித் தோட்டத்துக்காகக் காட்டை வெட்டியபோது 1,555 பேருக்கு நோய் வந்து 150 பேர் இறந்தார்கள். கர்நாடகத்து நோய்தானே என்று தமிழ் வாசகர்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம்: 2012-13இல் பந்திப்பூரில் குரங்குகள் செத்த அதே பருவத்தில் நீலகிரிக் குரங்குகளிடமும் இந்த வைரஸ் இருந்தது.

பெங்களூருக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பல்லாரி ரோட்டில், ஹெப்பாலில் இருக்கும் கால்நடை நலம் மற்றும் கால்நடை உயிரியல் பொருட்கள் நிறுவனத்தில்தான் இந்த நோய்க்கான தடுப்பூசி பல ஆண்டுகள் தயாரானது. கோழிக் கருவின் செல்களில் வைரஸை வளர்த்து, ஃபார்மலின் விட்டுக் கொன்று, புட்டியில் அடைத்து மலைநாட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆறு முதல் ஒன்பது மாதத்தில் இன்னொன்று, அதற்கப்புறம் வருஷா வருஷம். 2005 முதல் 2010 வரையிலான கணக்கைப் பார்த்தவர்கள், இரண்டு ஊசி போட்டவர்களுக்கு 62.4 சதவீதப் பாதுகாப்பும் மூன்றாவதும் போட்டவர்களுக்கு 82.9 சதவீதப் பாதுகாப்பும் கிடைத்ததாக எழுதினார்கள். ஊசி வலிக்கும் என்று அதற்கு ஊரில் கெட்ட பெயர். கூலிக்குப் போகிறவர் மூன்று தடவை வரிசையில் நின்று, கை வீங்கி ஒரு நாள் சம்பளத்தையும் விடுவாரா? பலர் முதல் ஊசியோடு சரி. வீரியம் போதவில்லை என்று 2022இல் அந்தத் தடுப்பூசியையே நிறுத்திவிட்டார்கள்.

"கொரோனாவுக்கு ஒரே வருஷத்துல ஊசி வந்துச்சே, எங்க ஊருக்கு மட்டும் ஏன் மேடம் வரல?" என்று அந்த உதவியாளர் ஒரு நாள் கேட்டார். பாதி பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நோய் வருவது ஏழைகளுக்கு, வருஷத்துக்குச் சில நூறு பேருக்கு. எந்தக் கம்பெனிக்கு அவசரம்? மீதிப் பாதி வைரஸின் மேற்பரப்பில் இருக்கிறது. நான் உயிர்வேதியியல் நடத்துகிறவள் என்பதால் எனக்கு அந்தப் பாதியில்தான் ஆசை.

கொரோனா வைரஸின் படத்தை நாடே பார்த்திருக்கிறது. உருண்டை மேல் குத்திட்டு நிற்கும் முட்கள். தடுப்பூசி செய்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. பலர் முள்ளை மட்டும் தயாரித்து உடம்புக்குக் காட்டினார்கள். கியாசனூர் வைரஸின் குடும்பம் வேறு. டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் எல்லாம் இந்தக் குடும்பத்தில் கொசு பக்கத்து உறவுகள். சவூதி அரேபியாவின் அல்குர்மா, ஐரோப்பாவின் உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸ் ஆகியவை உண்ணி பக்கத்து உறவுகள். இவற்றில் முதிர்ந்த வைரஸுக்கு முள்ளே கிடையாது. குறுக்களவு ஏறத்தாழ 50 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரம் வைரஸை வரிசையாக அடுக்கலாம். அந்த உருண்டையின் மேல் உறைப்புரதம் என்ற ஒரே புரதத்தின் 180 பிரதிகள், மலைநாட்டு வீட்டுக் கூரையில் மங்களூர் ஓடு படிந்திருப்பதுபோல, இடைவெளியின்றிப் படுத்துக் கிடக்கின்றன.

ஒவ்வொரு உறைப்புரதமும் 496 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட தண்டு. மூன்று பகுதிகளாக மடிந்திருக்கும். இவை தனித்தனியாகப் படுப்பதில்லை. இரண்டிரண்டாக, ஒன்றின் தலைமாட்டில் இன்னொன்றின் கால்மாடு வரும்படி ஜோடி சேர்ந்து படுக்கும். ஆக 90 ஜோடிகள். ஜோடியாகப் படுப்பதில் ஒரு தந்திரம் உண்டு. இரண்டாம் பகுதியின் நுனியில் எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு சின்ன வளையம் இருக்கிறது. நம் செல்லின் சவ்வைக் குத்தி உள்ளே போகும் ஆயுதம் அதுதான். அது வெளியே தெரிந்தால் வழியில் கிடைக்கிற சவ்விலெல்லாம் ஒட்டிக்கொண்டு வைரஸ் வீணாகிவிடும். எனவே ஜோடியில் ஒவ்வொன்றும் தன் நுனியை மற்றதன் முதல் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் செருகி மறைத்துக்கொள்கிறது.

இது முதலில் தெரியவந்தது நம் வைரஸில் இல்லை. 1995இல் ஃபெலிக்ஸ் ரே, ஃபிரான்ஸ் ஹைன்ஸ், ஸ்டீஃபன் ஹாரிசன் ஆகியோரின் குழு ஐரோப்பிய உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸின் உறைப்புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்ரே கதிரால் அதன் வடிவத்தைக் கண்டது. அதற்கு முன் தெரிந்திருந்த பெரிய உதாரணம் இன்ஃபுளுயன்ஸாவின் நிமிர்ந்து நிற்கும் முள். படுத்துக் கிடக்கும் புரதமும் செல்லைத் துளைக்கும் என்று கண்டது அப்போது புதிய சங்கதி. எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்த விஷயம் வேறு. அவர்கள் எடுத்துக்கொண்ட வைரஸ் வகை, ஆஸ்திரியாவில் தடுப்பூசி தயாரிக்கப் பயன்படுத்திய அதே வகை. அந்தத் தடுப்பூசி 1976இல் வந்தது. 1981 முதல் நாடு முழுக்கப் போட்டார்கள். தடுப்பூசிக்காக வைரஸை ஏராளமாக வளர்த்துத் துப்புரவாகச் சுத்திகரிக்கும் கைத்தேர்ச்சி இருந்த ஊரின் வைரஸிலிருந்துதான் படிகம் கிடைத்தது. வைரஸைச் சுத்தமாகத் தயாரிக்கத் தெரிந்தால் அதன் வடிவத்தையும் பார்க்கலாம், நல்ல ஊசியும் போடலாம். இரண்டும் ஒரே வேலை என்று நினைக்கிறேன்.

இனி, இந்தக் கூரை எப்படி வேயப்படுகிறது என்பது. வைரஸின் மரபுப் பொருள் ஏறத்தாழ 10,800 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. அது நம் செல்லுக்குள் ஒரே நீண்ட புரதமாக மொழிபெயர்க்கப்படுகிறது. பிறகு பத்துத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. மூன்றுதான் வைரஸின் உடம்பில் சேரும்: உள்ளே மரபுப் பொருளைப் பொதியும் புரதம், உறைப்புரதம், அப்புறம் ஒரு துணைப்புரதம். இந்தத் துணைப்புரதத்தைப் பாடப்புத்தகங்கள் ‘பிஆர்எம்’ என்கின்றன. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் அலட்சியமாகத் தாண்டிப் போகும் பெயர். அது இல்லாவிட்டால் உறைப்புரதம் சரியாக மடியவே மடியாது.

செல்லுக்குள் புரதங்கள் மடிக்கப்படும் சவ்வறையில் இரண்டும் பிறந்ததுமே கைகோத்துக்கொள்கின்றன. துணைப்புரதம் உறைப்புரதத்தின் ஆபத்தான நுனியை மூடிக்கொள்கிறது. இப்படி மூடிய ஜோடிகள் மும்மூன்றாகச் சேர்ந்து, 60 முட்களாக எழுந்து நிற்க, இளம் வைரஸ் அந்த அறைக்குள் மொட்டு விடுகிறது. முதிர்ந்த வைரஸுக்கு முள் இல்லை என்றேனே, இளம் வைரஸுக்கு உண்டு. இந்த நிலையில் அது இன்னொரு செல்லில் நுழைய லாயக்கில்லாதது.

அடுத்து அது கோல்ஜி என்ற உறுப்பு வழியாக வெளியே பயணமாகிறது. போகப் போக அங்கே அமிலம் கூடுகிறது. இந்த இடத்தில் வைரஸுக்கு ஒரு சிக்கல். இதன் நுனி ஆயுதத்தைக் கிளப்பிவிடும் சமிக்ஞையே அமிலம்தான். செல்லைவிட்டுப் போகும் வழியிலேயே அமிலம் பட்டு ஆயுதம் வெடித்துவிட்டால் எல்லாம் பாழ். வைரஸ் செய்வது இது. அமிலம் பட்டதும் 60 முட்களும் சரிந்து 90 ஜோடிகளாகப் படுத்துவிடுகின்றன. படுத்ததும் துணைப்புரதத்தில் வெட்டு வாங்க வேண்டிய இடம் வெளியே தெரிகிறது. நம் செல்லுக்குச் சொந்தமான ஃபியூரின் என்ற நொதி அதை அந்த இடத்தில் வெட்டுகிறது. வெட்டிய பிறகும் மேல் துண்டு உடனே உதிர்வதில்லை. அமிலம் இருக்கும்வரை நுனியை மூடியபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. செல்லுக்கு வெளியே, அமிலம் குறைந்த இடத்துக்கு வந்த பிறகே விழுகிறது. வேலை நடப்பது முழுக்க நம் செல்லின் கூலியில். வெட்டும் கத்தியும் நம்முடையது.

அந்தத் துண்டு போன பிறகு ஜோடியின் பிடிப்பு மட்டும் நுனியைக் காக்கிறது. வைரஸ் அடுத்த செல்லில் ஒட்டுகிறது. செல் அதைத் தீனி என்று நினைத்து ஒரு பைக்குள் இழுத்துக்கொள்கிறது. பையில் மறுபடி அமிலம். இம்முறை மூடி இல்லை. ஜோடிகள் பிரிகின்றன, நுனிகள் எழுந்து பையின் சவ்வில் குத்துகின்றன, மும்மூன்றாகக் கூடித் தம்மையே மடித்துக்கொண்டு இரு சவ்வுகளையும் ஒன்றாக இழுத்துப் பிடிக்கின்றன. சவ்வுகள் கலந்து துளை விழுகிறது. மரபுப் பொருள் உள்ளே. இந்த மும்மைக் கூட்டணி ஒருமுறை அமைந்தால் பழையபடி பிரியாது. 2004இல் அந்த இறுதி வடிவத்தையும் ஐரோப்பிய வைரஸில்தான் பார்த்தார்கள். 2018இல் செக் நாட்டின் பர்னோவிலிருந்து முழு வைரஸின் வடிவமே 3.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளிவந்தது.

இதெல்லாம் ஊசிக்கு எங்கே வருகிறது? நம் உடம்பு உருவாக்கும் நல்ல எதிர்ப்புப் புரதங்களில் பல, ஒற்றை உறைப்புரதத்தை மட்டும் அடையாளம் காண்பவை அல்ல. பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டு மூன்று புரதங்களின் ஓரங்கள் சேர்ந்து உண்டாக்கும் மேடு பள்ளத்தைப் பிடிப்பவையும் உண்டு. அமைப்பு கலைந்தால் அந்த மேடு பள்ளம் போச்சு. ஃபார்மலின் வைரஸைக் கொல்வது புரதங்களைக் கண்டபடி ஒன்றோடொன்று கோத்து. குறைவாக விட்டால் உயிருள்ள வைரஸ் தங்கிவிடும். அதிகமாக விட்டால் வடிவம் கெட்டு, உடம்பு தப்பான பாடத்தைப் படிக்கும். இந்த அளவைத் தொகுதிக்குத் தொகுதி ஒரேபோல் வைத்திருப்பது லேசான காரியமில்லை.

பங்காளி வைரஸின் ஊசியை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்ற யோசனையும் தொடக்கத்திலேயே செய்து பார்த்ததுதான். 1950களின் கடைசியில், ரஷ்ய உண்ணி வைரஸை எலியின் மூளையில் வளர்த்துத் தயாரித்த தடுப்பூசியைச் சிவமொக்கா பக்கத்தில் போட்டார்கள். பலிக்கவில்லை. உறவு நெருக்கம் என்றாலும் ஓடுகளின் மேற்புறத்தில் ஆங்காங்கே அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. எதிர்ப்புப் புரதம் தொட்டுப் பார்க்கிற இடமே அந்த மேற்புறம்தானே.

துணைப்புரதத்தின் மதிப்பு தெரிந்தவர்கள் வேறு வழியில் போகிறார்கள். உறைப்புரதத்தையும் துணைப்புரதத்தையும் சேர்த்துச் செல்லில் தயாரித்தால் போதும், மரபுப் பொருளே இல்லாத வெற்றுக் கூடுகள் தாமாக உருவாகி வெளிவரும் என்பது உண்ணி வைரஸில் 1990களிலேயே தெரிந்தது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருக்கும் ராக்கி மவுண்டன் ஆய்வகத்தில், கால்நடைகளுக்கு வாய்ப்புண் உண்டாக்கும் வேறொரு வைரஸை எடுத்து, அதற்குள் கியாசனூர் வைரஸின் இந்த இரண்டு புரதங்களுக்குமான மரபணுக்களை வைத்தார்கள். ஒரே ஊசியில் முதலில் எலிகளும், 2023இல் வெளிவந்த ஆய்வின்படி குரங்குகளும் தப்பின. உறைப்புரதத்தை மட்டும் வைக்காமல் இரண்டையும் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அலட்சியமாகத் தாண்டிப் போகும் பெயர் என்று சொன்னேனே, அதற்குக் கிடைத்த மரியாதை.

வடிவத்தைப் பார்க்கும் கலையில் பெங்களூர் எளிய ஊர் அல்ல. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடியலாம் என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963இல் வரைபடம் தந்த ஜி.என். ராமச்சந்திரன், பிறகு இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியல் துறையைத் தொடங்கினார். அதே துறையில் எம்.ஆர்.என். மூர்த்தி, அகத்தியைத் தாக்கும் வைரஸின் வடிவத்தைக் கண்டார். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் இன்று உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கி மையம் இருக்கிறது. 300 கிலோவோல்ட் கருவி.

இவ்வகைக் கருவிக்கு மாதிரி தயாரிப்பதை ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்தில் நின்று பார்த்தேன். வைரஸ் இல்லை, இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் என்ற சாதுவான புரதம். மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள செம்பு வலை, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் போட்ட கரிப்படலம். இடுக்கியில் தொங்கும் வலையில் மூன்று மைக்ரோலிட்டர் சொட்டை வைத்தார்கள். ஒற்றுத்தாள் இரண்டு பக்கமும் வந்து அழுத்தி ஈரத்தை உறிஞ்சியது. தாள் விலகிய கணத்திலேயே வலை திரவ ஈத்தேனுக்குள் பாய்ந்தது. அவ்வளவு வேகமாகக் குளிர்ந்தால் தண்ணீருக்குப் பனிக்கட்டிப் படிகமாக நேரமில்லை, கண்ணாடியாக உறைந்துவிடும். புரதம் கரைசலில் இருந்த அதே கோலத்தில் சிக்கிக்கொள்ளும். ஒற்றுத்தாள் அரை நொடி கூடுதலாக நின்றால் படலம் காய்ந்துவிடும், குறைவாக நின்றால் எலெக்ட்ரான் ஊடுருவாத அளவு தடித்துவிடும். சொல்லிக்கொடுத்த பெண் ஒவ்வொரு வலையையும் திரவ நைட்ரஜனுக்குள் மாற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் மூச்சின் ஈரம் பட்டாலே வலையில் பனி படியும்.

கியாசனூர் வைரஸோடு இவ்வளவு நெருக்கமாகப் பழக முடியாது. ஆய்வகத்தில் கையாண்டவர்களையே தொற்றிய வைரஸ் அது. உயர்ந்த பாதுகாப்பு அறை வேண்டும். நான்காம் நிலை ஆய்வகம் புனேயில் 2012இல்தான் வந்தது. வெற்றுக் கூடுகள் இங்கேயும் கைகொடுக்கும். மரபுப் பொருள் இல்லாததால் தொற்றாது. மேல் ஓடு கிட்டத்தட்ட அசலின் ஓடு. பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் தேடும் என் மாணவிகளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனமும் சேர்ந்து இப்போது புதிய தடுப்பூசியில் இறங்கியிருக்கின்றன. அதுவரை மலைநாட்டில் காட்டுக்குப் போகிறவர்களுக்குச் சுகாதாரத் துறை தருவது கைகாலில் தடவ, உண்ணியை விரட்டும் டீப்பா எண்ணெய். ஊசி நல்லதா என்று பார்க்க ஒரு பரீட்சை உண்டு. போட்டுக்கொண்டவரின் ரத்தத் தெளிவத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, உயிருள்ள வைரஸோடு கலந்து, செல்கள் பரவிய தட்டில் ஊற்றுவார்கள். வைரஸ் தின்ற இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் புள்ளிகள் பாதிக்குப் பாதி குறைகின்றன என்பதே மதிப்பெண். புதிய ஊசி வந்துவிட்டது என்று செய்தித்தாளில் வரும் நாளில் நான் முதலில் தேடப்போவது அந்த எண்ணைத்தான். அடுத்து, ஐந்து வருஷம் கழித்து அதே ஆட்களிடம் அது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை.